நல்லூர்: வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி அமாவாசை கழிந்தால் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா வந்துவிடும்; எங்கள் வீட்டுக் கேற்றைப் பூட்டுவதில்லை. கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம், கொழும்பிலிருந்து அண்ணரின் கூட்டாளிகள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் யாராவது இரண்டு பேர். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொரு வருடமும் வாயால் சொல்லிக் களைத்துவிட்டேன். இந்த முறை எழுதி வைக்கிறேன்.

நல்லூர் யாழ்ப்பாண நகரத்துக்குள் வருமா, தனி ஊரா?

பேருந்து நிலையத்தில் ஏறி பருத்தித்துறை வீதியால் வந்தால் சுமார் 3 கிலோமீற்றர். ஓட்டோவில் பத்து நிமிடம். இடையில் வெளி, வயல் என்று எதுவும் இல்லை. கடையும் மதிலுமாகத் தொடர்ந்து வரும். அந்தக் கணக்கில் நகரத்தின் ஒரு பகுதிதான்.

ஆனால் எங்கள் அம்மம்மா நகரத்துப் பெரியகடைக்குப் போகும்போது “யாழ்ப்பாணம் போட்டு வாறன்” என்றுதான் சொல்லுவா. தான் இருப்பது யாழ்ப்பாணம் இல்லை, நல்லூர் என்பதில் அவவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அது வெறும் ஊர்ப்பெருமை இல்லை. 400 வருடத்துக்கு முன்னர் இதுதான் தலைநகர். இப்போது நகரம் என்று சொல்கிற இடம் அதற்கு எட்டிய கடற்கரைப் பட்டினம். அந்நியர் வந்துதான் முறை மாறியது.

நல்லூர்ப் பிரதேச சபைக்குள் நல்லூர்க் கோயில் இல்லையாமே, உண்மையா?

உண்மை. கோயிலும் அதைச் சுற்றியுள்ள வீதிகளும் 1949 இல் உருவான யாழ்ப்பாண மாநகர சபையின் கீழ் வருகின்றன. நல்லூர்ப் பிரதேச சபை என்பது திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், அரியாலையின் ஒரு பகுதி என்று வெளியே பரந்து கிடக்கிறது. பிரதேச செயலகப் பிரிவு என்று பார்த்தால் கதை வேறு: அதில் இரண்டு பக்கமும் சேர்ந்து வரும். ஆகவே குப்பை எடுக்கவில்லை என்றால் மாநகர சபைக்கு முறைப்பாடு. விதானையாரிடம், அதாவது கிராம சேவகரிடம், கடிதம் வாங்கினால் அது போவது நல்லூர்ப் பிரதேச செயலகத்துக்கு. வெளியூரிலிருந்து காணி வாங்க வருகிறவர்கள் இதில்தான் முதலில் தடுமாறுவார்கள்.

இன்னொன்று. இங்கே ஒரு கிராம சேவகர் பிரிவின் பெயரே ‘நல்லூர் இராசதானி’. இன்னொன்று ‘சங்கிலியன் தோப்பு’. அரசன் போய் நாலு நூற்றாண்டு ஆகியும் வாக்காளர் இடாப்பில் அவனுடைய தோப்பு இருக்கிறது.

இராசதானி இருந்ததென்றால் கோட்டை எங்கே, அரண்மனை எங்கே?

இதுதான் எல்லோரும் ஏமாறுகிற இடம். அநுராதபுரம், பொலன்னறுவை பார்த்துவிட்டு வருகிறவர்கள் கல்லும் தூணும் தேடுவார்கள். இங்கே அது இல்லை. நல்லூரில் இராச்சியத்தைப் பார்க்கவேண்டுமானால் திசைகளைப் பார்க்கவேண்டும், பெயர்களை வாசிக்கவேண்டும்.

முதலில் நாலு கோயில்கள். நகருக்குக் காவலாக வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன். நாலும் இன்றைக்கும் அந்தந்தத் திசையில் பூசையோடு இருக்கின்றன. கட்டிடங்கள் பிற்காலத்தவை, இடங்கள் பழையவை. ஒரு சைக்கிள் எடுத்தால் காலை வெயில் ஏற முதல் நாலையும் சுற்றி வரலாம். அப்படிச் சுற்றினால் ஒரு தலைநகரின் எல்லையைச் சுற்றிவிட்டீர்கள். (கைலாயநாதர் கோயிலைக் கைலாசபிள்ளையார் கோயிலோடு குழப்பவேண்டாம். ஓட்டோக்காரரும் சிலவேளை குழப்புவார்கள்.)

அடுத்தது யமுனா ஏரி. பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே போனால் வீடுகளுக்கு நடுவில் ‘ப’ வடிவில் ஒரு கேணி. யமுனை நதியின் நீரைக் காவடியில் கொண்டுவந்து கலந்தார்கள், அதனால் அந்தப் பெயர் என்று கதை. ஆறே இல்லாத குடாநாட்டில் ஒரு குளத்துக்கு ஆற்றின் பெயரை வைத்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு அந்த ஆசைதான் பிடிக்கும். மாரியில் போனால் தண்ணீர் படிகளை மூடி நிற்கும். சித்திரை வெயிலில் போனால் பாசி பிடித்த கற்படிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கீழ்ப்படியில் ஒரு கொக்கு நிற்கும், பக்கத்து வீட்டு மதிலில் சீலை காயும்.

மூன்றாவது பெயர்கள். சங்கிலித்தோப்பு, இராசாவின் தோட்டம், பண்டாரக்குளம், முத்திரைச் சந்தி. பண்டாரம் என்பது இங்கே ஆண்டி இல்லை; அரச குடும்பத்தவருக்கு வழங்கிய பட்டம். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு இலக்கம் வர முதலே காணிக்குப் பெயர் இருந்தது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுகளான தோம்புகளிலும் அதற்குப் பின் வந்த காணி உறுதிகளிலும் காணியை அந்தப் பெயரால்தான் அடையாளம் காட்டுவார்கள்.

எங்கள் காணிக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. அம்மப்பாவின் உறுதியில், பழுப்பேறிய தாளில், நீல மையில், மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்து, “என்னும் பெயருடைய காணி பரப்பு நாலு” என்று இருக்கும். அண்மையில் காணியைப் பிரித்துப் புது உறுதி முடித்தபோது நொத்தாரிசு அந்தப் பெயரை விட்டுவிட்டார். துண்டு இலக்கமும் நில அளவைப் படத்தின் இலக்கமும் போதும் என்றார். திருத்தி எழுதச் சொல்லி இன்னொருமுறை போனேன், காசும் கட்டினேன். வீட்டில் எனக்கு விசர் என்றார்கள். அந்தப் பெயரைவிட்டால் எங்கள் வளவில் இராசா காலத்து மிச்சம் வேறு என்ன இருக்கிறது?

மந்திரிமனையும் சங்கிலியன் தோப்பு வளைவும் சங்கிலியன் கட்டியதுதானே?

ஒன்று மந்திரி இருந்த வீடு, மற்றது அரண்மனை வாசல் என்று சுற்றுலாக்காரருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டுமே இன்று நிற்கிற உருவில் பிற்காலக் கட்டிடங்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. மந்திரிமனையின் முகப்பைக் கிட்ட நின்று பாருங்கள்: வளைவுகளில் ஐரோப்பியச் சாயல், மரவேலையில் எங்கள் தச்சர் கை. இரண்டும் கலந்த அந்தக் கலப்பு அரசர் காலத்தது இல்லை. ஆனால் நிற்கிற நிலம் அரச நிலம் என்ற நினைவு பழையது. அந்த நினைவுதான் கட்டிடத்துக்கு அந்தப் பெயரை ஒட்டியிருக்கிறது.

முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளோடு நிற்கிற சங்கிலியன் சிலை நேற்றையது. முதற் சிலை 1974 இல் வைத்தது. இப்போதிருப்பது 2011 இல் திறந்தது.

யார் இந்தச் சங்கிலியன்?

இரண்டு பேர் இருக்கிறார்கள். கதைகளில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள்.

முதலாம் சங்கிலி 16 ஆம் நூற்றாண்டில் ஆண்டவன், போர்த்துக்கேயரோடு விடாமல் மோதியவன். 1544 இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொல்வித்தவனும் அவன்தான். அதைச் சிலையின் கீழே எழுத மாட்டார்கள். 1560 இல் கோவாவிலிருந்து போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியே படையோடு வந்து நல்லூரைப் பிடித்தான், ஆனால் வைத்திருக்க முடியவில்லை. 1591 இல் மறுபடி வந்து அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தைத் தங்கள் சொற்கேட்கிற அரசனாக இருத்தினார்கள். அதற்குப் பின் வந்தவன் இரண்டாம் சங்கிலி. 1619 இல் பிலிப் தெ ஒலிவேறாவின் படையிடம் தோற்று, பிடிபட்டு, கோவாவில் மரணதண்டனை பெற்றான். அதோடு இராச்சியம் முடிந்தது.

போர்த்துக்கேயர் நல்லூரிலேயே இருந்திருக்கலாமே, ஏன் பட்டினத்துக்குப் போனார்கள்?

கப்பலில் வந்தவனுக்குக் கடல் வேண்டும். நல்லூர் உள்நாடு; சுற்றிவளைத்தால் உதவி வராது. கடனீரேரிக் கரையில் கோட்டை கட்டினால் தோணியில் சாமானும் படையும் வரும். 1621 அளவில் நிருவாகத்தை அங்கே மாற்றினார்கள். நல்லூர்க் கோயிலையும் அதே காலத்தில் இடித்தார்கள். கோயிற் கல்தான் கோட்டைக்குப் போனது என்று ஊரில் சொல்வார்கள்.

அப்படியென்றால் இப்போதிருக்கும் கந்தசுவாமி கோயில் எது?

இடிபட்ட கோயில் இருந்தது முத்திரைச் சந்திப் பக்கம், இப்போது புனித யாக்கோபு தேவாலயம் நிற்கிற சுற்றாடலில். ஒல்லாந்தர் ஆட்சியில் பிடி கொஞ்சம் தளர்ந்தபிறகு, அவர்களிடம் உத்தியோகத்திலிருந்த இரகுநாத மாப்பாண முதலியார் 1734 இல் குருக்கள் வளவு என்ற காணியில் புதிதாகக் கட்டினார். அந்தக் குருக்கள் வளவுக் கோயில்தான் நீங்கள் கும்பிடுகிறது. இன்றுவரை நிர்வாகம் மாப்பாணர் வழியில்தான். மூலஸ்தானத்தில் முருகனுக்கு உருவம் கிடையாது, வேல்தான்.

முதற்கோயிலை யார் கட்டினார்கள் என்பதில் பெரிய இழுபறி. ஒரு பழைய பாட்டு சகாப்தம் 870, அதாவது 948 ஆம் ஆண்டு, புவனேகபாகு கட்டினான் என்கிறது. வரலாற்றாசிரியர்கள் பலருக்கு அந்த ஆண்டு பொருந்தவில்லை. 1450 அளவில், தெற்கே இருந்த கோட்டை என்ற சிங்கள இராச்சியத்தின் அரசனுக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாள், சிங்களத்தில் சப்புமல் குமாரயா, பின்னர் கோட்டையில் ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் முடிசூடியவன். கட்டியவன் அவன், அல்லது அழிந்ததைத் திருப்பிக் கட்டியவன் அவன் என்பது அவர்கள் பக்கம்.

நான் வரலாற்றாசிரியன் இல்லை. ஆனால் திருவிழாக் காலத்தில் சுவாமிக்கு முன்னால் புகழ் கூவும் கட்டியம் சொல்லும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். கஜவல்லி மகாவல்லி சமேத சுப்பிரமணியரின் பாதம் பணிந்தவனாக “ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு” என்று ஒரு பெயர் வரும். ஸ்ரீ சங்கபோதி என்பது சிங்கள அரசர்கள் சூடிய பட்டம். யாழ்ப்பாணத்தின் சைவத் தலைக்கோயிலில், ஆயிரக்கணக்கான சனம் கைகூப்பி நிற்க, அந்தப் பெயரைக் கூவுகிறார்கள். அதைப் பெரிதாக யாரும் கதைப்பதில்லை. மறைப்பதும் இல்லை.

ஆறுமுக நாவலர் நல்லூர்க்காரர்தானே? கோயிலோடு அவருக்கு என்ன பிரச்சினை?

1822 இல் இங்கே பிறந்தவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் வேலை பார்த்து, வேதாகமத்தைத் தமிழாக்க உதவி, பிறகு அந்த மிஷன்காரரின் அச்சையும் பள்ளிக்கூடத்தையும் பிரசங்கத்தையும் அப்படியே சைவத்துக்கு எடுத்துக்கொண்டவர். பள்ளிக்கூடம் வைத்தது வண்ணார்பண்ணையில், 1848 இல்.

சொந்த ஊர்க் கோயில் ஆகமப்படி நடக்கவில்லை என்பது அவருடைய தீராத கோபம். வேலை மூலமூர்த்தியாக வைத்தது, பூசை முறை, திருவிழாவில் சதிர், ஒன்றையும் விடவில்லை. 1870களில் துண்டுப்பிரசுரம் போட்டே சண்டை பிடித்தார். கோயில் தன்பாட்டில் இருந்தது. இன்று அந்தக் கோயிலுக்கு அருகிலேயே அவருக்கு மணிமண்டபம். ஊர் இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டது.

நல்லூரில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். சைவ ஊர் என்ற பெயருக்குள் இது மறைந்துபோகும். ஆங்கிலிக்க மிஷனின் ஜோசப் நைற் பாதிரியார் 1823 இல் நல்லூரில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிதான் பின்னர் சுண்டிக்குளிக்குப் போய்ப் பரியோவான் கல்லூரியானது. கத்தோலிக்கரிலே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947). பல மொழி படித்தவர், யாழ்ப்பாண வரலாற்றையும் தமிழ்ச் சொற்களின் வேரையும் தோண்டியவர். பிறந்தது மானிப்பாய். ஆனால் பெயரோடு ஒட்டியது நல்லூர்.

தேரடியில் ஏன் சிலர் சும்மா இருக்கிறார்கள்?

சும்மா இருப்பதற்குத்தான். தேர்முட்டிப் படியில் செல்லப்பா சுவாமி என்று ஒருவர் இருந்தார். கந்தல் உடை, வாயில் ஏச்சு, ஊர் அவரை விசரன் என்றது. அவரிடம் அகப்பட்டவர்தான் பின்னர் கொழும்புத்துறையில் இருந்த யோகர் சுவாமி (1872–1964). “எப்பவோ முடிந்த காரியம்”, “ஒரு பொல்லாப்பும் இல்லை”, “நாம் அறியோம்”, “முழுதும் உண்மை”. இந்த நாலும் தேரடியில் விழுந்த வார்த்தைகள். இப்போதும் யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டிலும் பரீட்சை பிழைத்த வீட்டிலும் யாராவது ஒரு பெரியவர் “ஒரு பொல்லாப்பும் இல்லை” என்பார். எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே சொல்வார்கள்.

திருவிழாக் காலத்தில் அங்கே குடியிருப்பது எப்படி?

ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் கொடியேற்றம். 25 நாள். மஞ்சம், கைலாச வாகனம், சப்பறம் என்று ஏறி, 24 ஆம் நாள் தேர், ஆவணி அமாவாசையோடு தீர்த்தம்.

எங்களுக்குத் திருவிழா தொடங்குவது கொடியில் இல்லை, மணலில். நாலு வீதியிலும் வெண்மணல் பறிப்பார்கள். அடுத்தது தடை: வீதிகளை மறித்து மரம் கட்டியதும் எங்கள் ஒழுங்கைக்குள் வாகனம் வர மாநகர சபை அனுமதி அட்டை வேண்டும். மீன் சட்டி, இறைச்சிச் சட்டி எல்லாவற்றையும் கழுவிப் பறணில் போட்டுவிடுவோம். 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை. எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூட அந்த மாதம் பாற்சோறுதான், அது பக்கத்து ஊருக்குப் போய்த் தின்றுவிட்டு வரும்.

விடியப்புறம் நாலரைக்கு எழும்பினால் ஒழுங்கை வழியே நனைந்த வேட்டியோடு அங்கப்பிரதட்டைக்குப் போகிற ஆண்களின் காலடிச் சத்தம். பெண்கள் பின்னால் அடியழித்துக்கொண்டு வருவார்கள்: விழுந்து கும்பிட்டு, எழும்பி, மூன்று அடி, மறுபடி விழுந்து. வெயில் ஏறினால் பவுசர் வந்து மணலுக்குத் தண்ணீர் விசிறும். இல்லாவிட்டால் உள்ளங்கால் கொப்பளித்துவிடும். பின்னேரம் முழுவதும் தலைகீழ்: கச்சான் கடை, காப்புக்கடை, வளையம், பலூன், ஐஸ்கிறீம். ரியோ ஐஸ்கிறீம் கடையில் இருக்கை கிடைத்தால் அது முருகன் அருள்தான். இரவு பத்து மணிக்குப் பிறகு வெறும் கச்சான் கோதும் மணலும்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் கலியாணவீடுகள் ஒரு மணித்தியாலம் பிந்தும், கூட்டங்கள் இரண்டு மணித்தியாலம் பிந்தும். நல்லூர்க் கோயில் பிந்தாது. போட்ட நேரத்துக்கு மணி அடிக்கும், போட்ட நேரத்துக்குத் தேர் அசையும். மந்திரி வந்தாலும் காத்திருக்காது. “இன்னும் ஐந்து நிமிடம்” என்று தேநீர் குடித்துக்கொண்டிருந்து தேரின் பின்பக்கத்தை மட்டும் பார்த்த சொந்தக்காரர் எங்களுக்கு நிறைய உண்டு.

அர்ச்சனைச் சீட்டு இன்னும் ஒரு ரூபாவா?

ஓம். ஒரு ரூபாவுக்கு இப்போது ஒரு தோடம்பழ இனிப்புக்கூட வராது. சில்லறை தேடுவதுதான் கஷ்டம்.

போர்க்காலத்தில் நல்லூரில் என்ன நடந்தது?

சுருக்கமாகச் சொல்லக்கூடியது இல்லை. மூன்று இடத்தை மட்டும் காட்டுகிறேன்.

கோயிலின் பின் வீதிப் பக்கம் விடுதலைப் புலிகள் இயக்கத்துத் திலீபனின் நினைவிடம். இந்தியப் படை இங்கே நின்ற காலத்தில், 1987 செப்ரெம்பர் 15 அன்று கோயில் வீதியில் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் தொடங்கி, 26 ஆம் திகதி இறந்தார். நினைவிடம் இடிபட்டும் கட்டப்பட்டும் வந்திருக்கிறது. ஒவ்வொரு செப்ரெம்பரும் சனம் விளக்கோடு வரும். சில வருடங்களில் தடையும் வரும்.

இரண்டாவது செம்மணி வீதி. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது சனம் நகர்ந்த வழிகளில் ஒன்று. மழை. கைக்குழந்தை, சைக்கிளில் கிழவர், ஆட்டுக்குட்டி. என் அம்மா வாசல் விளக்கை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தா.

மூன்றாவது அதே வீதியின் முடிவில், அரியாலை சித்துப்பாத்தி மயானம். 2025 இல் அங்கே தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன, அவற்றில் குழந்தைகளும். செம்மணியில் புதைகுழி உண்டென்று 1998 இலேயே நீதிமன்றத்தில் சொல்லப்பட்டிருந்தது.

திருநெல்வேலி, கொக்குவில் எல்லாம் எப்படி?

திருநெல்வேலியை நாங்கள் தின்னவேலி என்போம், தமிழ்நாட்டுக்காரர் குழம்பவேண்டாம். அங்கேதான் பல்கலைக்கழகம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேசுவராக் கல்லூரி வளவில் 1974 இல் வளாகமாகத் தொடங்கி, 1979 இல் முழுப் பல்கலைக்கழகமானது. பக்கத்தில் தின்னவேலிச் சந்தை: செம்மண் ஒட்டிய மரவள்ளி, கத்தரி, வெங்காயம், பின்னால் விரிவுரைக்குப் பிந்திய பெடியள். கொக்குவிலும் கோண்டாவிலும் ஒருகாலத்தில் சுருட்டுக்குப் பெயர்போனவை. இப்போது சுருட்டுக் கொட்டில் இருந்த இடங்களில் மாடிவீடும் மாணவர் விடுதியும்.

இப்போது ஊர் எப்படி மாறுகிறது?

கிடுகுவேலி போய் மதில் வந்து நெடுங்காலம். இப்போது மதில் உயர்கிறது, அதற்கு மேலே கமராவும். கோயிலைச் சுற்றிக் கலியாண மண்டபமும் விடுதியும் மூன்று மாடி, நாலு மாடியாக எழும்புகின்றன. வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டிய வீடுகளில் பாதி ஆவணிக்கு மட்டும் லைற் எரியும். கோயிலும் சும்மா இருக்கவில்லை: 2011 இல் தெற்கு வாசலில் ஒன்பது நிலைக் கோபுரம், 2015 இல் வடக்கிலும் ஒன்று. அம்மம்மா இருந்திருந்தால் மணிக்கூட்டுக் கோபுரம் மட்டும் தெரிந்த காலமே வடிவு என்று சொல்லியிருப்பா. எனக்கு இரண்டும் பிடிக்கும். விடுதிகளின் பெயர்ப்பலகைதான் பிடிக்காது.

ஒரு காலைதான் இருக்கிறது. என்ன பார்க்கலாம்?

விடியப் பூசைக்குக் கோயில். ஆண்கள் சேட்டைக் கழற்றவேண்டும். பிறகு பருத்தித்துறை வீதியால் நடந்து சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை, உள்ளே யமுனா ஏரி, முத்திரைச் சந்தி, புனித யாக்கோபு தேவாலயம். எல்லாம் நடைதூரம். நேரம் மிஞ்சினால் வீரமாகாளி அம்மன்.

செருப்பை எங்கே விடுவது?

திருவிழா இல்லாத நாளில் வாசலில். திருவிழா என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வாருங்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் போன வருடத்துச் செருப்புகள் ஏழு கிடக்கின்றன. சோடி சேருவது இரண்டுதான். வருகிறபோது வந்து பாருங்கள்.